இனி நேரே வரத் தேவையில்லையாம்

மகள்,

நீ இதை வாசிக்கும்போது பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு, கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன். கைத்தொலைபேசியில் தட்டி அனுப்பினால் உடனே வந்து சேரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதில் வருவதை நீ இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் வாசிப்பாய். வாசித்து, ஒரு சிவப்பு இதயப் படத்தை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாய். அதில் பிழை ஒன்றுமில்லை, உன் வேலை அப்படி. நான் சொல்ல வந்ததற்கு அந்த இடைவெளி போதாது, அவ்வளவுதான். பாலையூற்றுச் சந்திக் கடையில் தாள் வாங்கி வந்து, யன்னலோரம் மேசையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பென்சன் கந்தோருக்கோ எழுதுறீங்கள்?" என்று கேட்டாள். "இல்லை, மகளுக்கு" என்றேன். வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள்.

போன மாதம் நீ சந்தோசமாகத் தொலைபேசி எடுத்தாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். "அப்பா, புதுச் சுற்றறிக்கை வந்திருக்கு. இனி நேரே வரத் தேவையில்லையாம். திரையில பாத்தாலே கொடுப்பனவு முழுசாக் கிடைக்குமாம்" என்றாய். "நல்லதுதானே பிள்ளை" என்றேன். அதை எந்தக் குரலில் சொன்னேன் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். பின்னால் பேரப்பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு இங்கே நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது. தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நீ நின்ற பக்கத்திலிருந்து கண்டது வேறு, நான் ஆஸ்பத்திரி விறாந்தையில், வாங்குப் பலகையில் இருந்து கண்டது வேறு.

நீ திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் மருமகன் கொழும்பில் வங்கியில் இருந்தார். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். பிள்ளை பிறந்த பிறகும் அப்படித்தான். தகப்பனைக் கண்டால் அது அழுதது; யாரோ விருந்தாளி தூக்க வருகிறார் என்று நினைத்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் கிணற்றடிக்குப் போய்க் கனநேரம் முகம் கழுவினார். நீயும் கண்டாய். அந்த நேரத்தில்தான் அரசாங்கம் அந்தக் கொடுப்பனவை அறிவித்தது. மூதூர்ப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலைகளில் டொக்டர்மார் நிலைத்து நிற்பதில்லை. வருவார்கள், மாற்றம் கேட்டுப் போய்விடுவார்கள். நாட்டில் எங்கே இருந்தாலும் சரி, கிழமையில் ஒரு நாள் திரைக்கு முன்னால் இருந்து அந்த நோயாளிகளைப் பார்க்கிற டொக்டர்மாருக்குச் சம்பளத்துக்கு மேலதிகமாகக் காசு தருவோம் என்றார்கள். ஒரேயொரு நிபந்தனை வைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வைத்தியசாலைக்கு நேரே போய் நோயாளிகளைப் பார்க்கவேண்டும்.

நீ அந்த அறிவித்தலைக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, "அப்பா, நான் கொழும்புக்குப் போகட்டா?" என்று கேட்டாய். கேட்ட உடனே "போ பிள்ளை" என்றேன். கொஞ்சம் யோசித்திருந்தால் அந்தச் சொல் வாயில் வந்திருக்காது என்பதால்தான் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன். அம்மாதான் அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அரசாங்கமே எங்கட பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப்போகுது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். வயது போனவர்களுக்கு அரசாங்கம் எத்தனையோ கொடுத்திருக்கிறது. எனக்குத் தெரிய அதைவிட நல்லதாக ஒன்றையும் கொடுக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ உன்னிடம், "இப்ப காசுக்கு ரீவீயில வைத்தியம் பாக்கிறீங்களாமே" என்று கேட்டுவிட்டார்கள். நீ சாப்பாட்டில் கை வைக்காமல் எழும்பி வந்தாய். அன்றைக்குச் சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன். துறைமுகத்தில் நான் இழுவைப் படகில் வேலை செய்தபோது, வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கிற நாட்களில் கப்பலை இழுத்து வந்து கட்ட ஒருவரும் முன்வர மாட்டார்கள். பிறகு அந்த நாட்களுக்கு ஓவர்டைம் கூட்டிக் கொடுத்தார்கள். ஆட்கள் வந்தார்கள், நானும் போனேன். காசு வாங்கிக்கொண்டு பிடித்தோம் என்பதற்காக எங்கள் கயிறு தளர்ந்துவிடவில்லை. கப்பலும் பத்திரமாக வந்து கட்டியது. ஒருவரும் விரும்பாத வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் காசு கொடுக்கத்தான் வேண்டும். வாங்குகிறவன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். அந்தக் கொடுப்பனவுக்காக நீ ஒருநாளும் தலை குனியாதே.

நீ நேரே வருகிற நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? விடிய ரயிலால் இறங்கி வருவாய். பல் தீட்டி, தேத்தண்ணி குடிக்க முன்னமே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாய். பிரஷர் பார்க்கிற மிசின் அலுமாரிக்கு மேலே இருக்கும். "மிசின் இருக்க ஏன் பிள்ளை கையைப் பிடிக்கிறாய்?" என்று கேட்டால், "மிசின் எண்ணிச் சொல்லும் அப்பா. துடிப்பு ஒழுங்கா வருதோ எண்டு விரலுக்குத்தான் விளங்கும்" என்பாய். எனக்கு அந்த விளக்கம் தேவையில்லை. அந்த விரல்கள் என் கையில் இருக்கிற நேரம் முழுவதும் நான் மூச்சைக்கூட மெல்ல விடுவேன், கெதியாக முடிந்துவிடக் கூடாது என்று. பிறகு உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலத்தால் மூதூர்ப் பக்கம் போவேன். நீ பின்னால் இருந்து எதையாவது கதைத்துக்கொண்டே வருவாய். காற்றில் பாதிதான் கேட்கும். கேட்காததற்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு ஓட்டுவேன்.

அங்கேதான் ஹாஜரா உம்மாவைப் பழக்கம். நீ உள்ளே நோயாளி பார்க்கிற நேரம் விறாந்தை வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. சீனி வருத்தக்காரி, நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவ. வெற்றிலைப் பையும் வெள்ளை முக்காடுமாக, யாரோடும் கதைக்கக் கூடிய மனிசி. "எங்கட டொக்டர்ட வாப்பாவா நீங்க? அவ ரீவீயில சிரிக்கக்குள்ள உங்கட மூக்குத்தான்" என்று சொன்னா. முதல் சந்திப்பிலேயே நான் அவவுக்கு "அண்ணன்" ஆகிவிட்டேன். அதுவரை திரையில் மட்டும் உன்னை மாதாமாதம் கண்டுகொண்டிருந்த ஆள், நீ நேரே வந்த நாட்களில் வரக் கிடைக்கவில்லை. நீ கேட்கும்போதெல்லாம், "ஒண்டுமில்ல டொக்டர், அல்லாட காவல்ல நல்லாயிரிக்கன்" என்பாவாம்.

அந்த நாளை நீ மறக்க மாட்டாய். ஹாஜரா உம்மா உள்ளே வந்தபோது நடையில் ஏதோ ஒன்றைக் கண்டு, செருப்பைக் கழற்றச் சொன்னாய். "கால்ல ஒண்டுமில்ல புள்ள, நோவே இல்ல" என்று அவ மறுத்தா. நீ நிலத்தில் குந்தியிருந்து அவவின் காலைத் தூக்கி உன் மடியில் வைத்தாய். கதவு திறந்திருந்தது, நான் வாங்கில் இருந்து பார்த்தேன். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஆழமாக ஒரு புண். சீனி வருத்தத்தால் அந்தக் காலுக்கு உணர்வே செத்துப்போயிருந்தது. நோகாத புண்ணை அந்த மனிசி எப்படி அறியும்? உடனே அம்புலன்சில் திருகோணமலைக்கு அனுப்பினாய். ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது, ஆனால் கால் தப்பியது.

திரும்பி வரும்போது நீ ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கிண்ணியாப் பாலத்தில் "நிப்பாட்டுங்கோ அப்பா" என்றாய். இறங்கிக் கைபிடியில் சாய்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றாய். "இவ்வளவு மாசமா திரையில அவவின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்திருக்கிறன்" என்றாய். கீழே வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். பிறகு நீயாகவே "வாங்கோ, போவம்" என்று ஏறினாய். அன்றைக்கு என் தோளில் நீ வைத்த கை, வீட்டு வாசல் வரைக்கும் எடுபடவில்லை.

நீ கொழும்புக்குத் திரும்பிய பிறகு, "ஒருக்காப் போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோ அப்பா" என்று கேட்டதற்காகத்தான் அவவைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு போனது உனக்காக இல்லை. அம்மா இடியப்பமும் மீன் சொதியும் கட்டித் தந்தாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டை அவ தின்பாவோ என்று அவளுக்கு யோசனை. ஹாஜரா உம்மா ஒரு நூல் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "சொதிக்குள்ள பழப்புளி விடாம தேசிக்காய்ப்புளி விட்டிரிக்கா, கெட்டிக்காரி" என்றா. அதைக் கேட்ட அம்மா அடுத்த நாள் தானே வந்தாள். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் ஹாஜரா உம்மா என்னிடம் ஒன்று சொன்னா.

"அண்ணன், உங்கட மகள் மருந்தெல்லாம் சொல்லி முடிச்சிட்டு கடைசியா ஒரு கேள்வி கேப்பா. 'உம்மா, இண்டைக்குக் கடல் எப்பிடி?' எண்டு. என்ட வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர், அதுதான் கேக்கிறா எண்டு நான் நினைச்சன். அவர் மவுத்தாகிக் கனகாலம் எண்டு சொன்னன். அடுத்த மாசமும் கேக்கிறா!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன், வாட்டில் நிற்க முடியவில்லை. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்காத வயதில், நான் வேலை முடிந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்த முன்னம் ஓடி வந்து கேட்பது அதைத்தான். "அப்பா, இண்டைக்குக் கடல் எப்பிடி?" சில நாள் "நித்திரை கொள்ளுது" என்பேன். சில நாள் "யாரோடயோ கோவம், கதைக்கேல்லை" என்பேன். நீ அதை அப்படியே கொண்டுபோய் அம்மாவுக்குச் சொல்வாய். இப்போது எங்களோடு கதைக்கும்போது நீ கடலைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பாடு, மருந்து, கரண்ட் பில், மழை எல்லாம் கேட்பாய். கடலைப் பற்றிக் கேட்க உனக்கு மூதூர்க்காரி ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறா. கொழும்பில் நீயும் எங்களைப் போலத்தான் இருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அம்மாவுக்கு இதை நான் உடனே சொல்லவில்லை. சொன்னபோது அவள் முற்றத்தைக் கூட்டப் போய்விட்டாள். காலையில் கூட்டிய முற்றம் அது.

திரையையும் நான் குறைவாக நினைக்கவில்லை. ஹாஜரா உம்மா வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் மாரி மழை பிடித்தது. வயலெல்லாம் வெள்ளம், றோட்டைக் காணவில்லை. இங்கிருந்து ஒருவரும் அங்கே போக ஏலாது, அங்கிருந்து ஒருவரும் வர ஏலாது. அந்தக் கிழமைகளில் நீ உன் முறை இல்லாத நாட்களிலும் திரைக்கு முன்னால் இருந்தாய். அந்தச் சின்ன ஆஸ்பத்திரித் தாதி ரஜனி மிஸ் புண்ணைத் துடைக்கத் துடைக்க, எந்த இடத்தில் எவ்வளவு வெட்டவேண்டும், எந்த மருந்து வைத்துக் கட்டவேண்டும் என்று கொழும்பிலிருந்து சொல்லிக் கொடுத்தாய். வெள்ளம் வடிந்து நான் போய்ப் பார்த்தபோது புண் மூடிச் சிவந்த தோல் வந்திருந்தது. அந்தக் கொடுப்பனவு இல்லாவிட்டால் அந்த வெள்ளத்தில் அவவுக்கு ஒரு டொக்டரும் இருந்திருக்க மாட்டார். அதை நான் எங்கேயும் சொல்வேன்.

இப்போது அந்தச் சுற்றறிக்கைக்கு வருகிறேன். நேரே போகவேண்டும் என்ற நிபந்தனைக்குப் பயந்துதான் கனபேர் அந்தத் திட்டத்தில் சேரவில்லை, அதை எடுத்தால் இன்னும் டொக்டர்மார் வருவார்கள் என்று நீ விளங்கப்படுத்தினாய். புல்மோட்டைப் பக்கத்துக்கும் ஒருவர் சம்மதித்திருக்கிறார் என்றாய். நியாயம்தான். நல்ல நோக்கத்தோடு எழுதிய ஒரு வரி, இங்கே பாலையூற்றில் இரண்டு பேருடைய நாட்காட்டியில், நீ வருகிற நாட்களுக்குப் போட்டு வைத்திருந்த வட்டங்களை எல்லாம் அழித்துவிட்டது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. உனக்கும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக, அடுத்த நாள் பின்னேரம் உனக்குத் தொலைபேசி எடுத்து என்ன கேட்டேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஹாஜரா உம்மாவின்ர காலை மறந்திட்டியோ? முகத்தை மட்டும் பாத்து வைத்தியம் செய்யப்போறியோ?" என்றேன். "மறக்கேல்லை அப்பா. யோசிக்கிறன்" என்றாய்.

தொலைபேசியை வைத்தபோது எனக்கு வென்றுவிட்ட மாதிரி இருந்தது. நீ யோசிப்பாய், யோசித்தால் வராமல் இருக்க மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "அந்த மனிசியின்ர காலை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்கள்?" என்று கேட்டாள். கேட்காத மாதிரி எழும்பிப் போய்விட்டேன்.

நீ யோசித்தாய்தான். ஆனால் நான் நினைத்த பக்கத்தால் யோசிக்கவில்லை. சில கிழமைக்குப் பிறகு ஹாஜரா உம்மா தொலைபேசி எடுத்து ஒரே சிரிப்பு. "அண்ணன், இப்ப எங்கட முகம் டொக்டருக்குத் தெரிய முன்னம் எங்கட கால் தெரியுது!" என்றா. நான் நம்பவில்லை. அடுத்த திரை நாளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பின்னால் நீ இல்லாமல் அந்தப் பாலத்தில் போவது வேறு மாதிரி. காற்று அடிக்கிற பக்கம் வண்டி இழுபடுகிறது.

விறாந்தையில் வாங்கு போட்டு, வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாக இருந்தார்கள். ரஜனி மிஸ் ஒவ்வொருவரின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விரித்துப் பார்த்து, மெல்லிய நைலோன் நூல் ஒன்றால் தொட்டுத் தொட்டு, "தெரியுதோ? இப்ப தெரியுதோ?" என்று கேட்டா. அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டா. கிளிவெட்டியிலிருந்து வந்த ஒரு வயல்காரர் தன் முறை வந்தபோது, "என்ர காலுக்கு ஒண்டும் இல்லை, மருந்துத் துண்டைத் தாங்கோ, போகவேணும்" என்று அவசரப்பட்டார். அவருடைய குதிக்காலில் ஒரு முள் உடைந்து உள்ளே நின்றது. அவருக்குத் தெரியவே தெரியாது. அவரை உள்ளே கூட்டிப்போய், காலைக் கமெராவுக்கு முன்னால் தூக்கி வைத்து, "டொக்டர், இஞ்ச பாருங்கோ" என்று ரஜனி மிஸ் கூப்பிட்டா. "இன்னும் கிட்டக் கொண்டு வாங்கோ மிஸ். வெளிச்சத்தைக் கொஞ்சம் சரியுங்கோ" என்று உன் குரல் கேட்டது. முள் வெளியே வந்தது. வயல்காரர் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு, வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கதவு நிலையோடு, கமெராவுக்குத் தெரியாத மூலையில் நின்றேன். சுவரில் உன் முகம் பெரிதாக இருந்தது. எங்களோடு கதைக்கும்போது உன் முகம் ஒரு இடத்தில் நிற்பதில்லை, பிள்ளை கையைத் தட்டும், நீ நடந்துகொண்டு கதைப்பாய், பாதி நேரம் உன் வீட்டுச் சீலிங்கைத்தான் பார்ப்போம். அன்றைக்கு நீ அசையாமல் இருந்தாய். காதோரத்தில் நரை விழுந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. அம்மா தந்த சின்னத் தோட்டைப் போட்டிருந்தாய். ஒரு கிழவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல, முதல் தரம் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாய். கடைசி நோயாளி போகும் வரைக்கும் நான் நின்றேன். ரஜனி மிஸ் என்னைக் கண்டுவிட்டு, "ஐயா, முன்னுக்கு வாங்கோவன். டொக்டரோட ஒரு சொல்லுக் கதையுங்கோ" என்றா. "வேண்டாம் மிஸ், அவவுக்கு நான் வந்தது தெரிய வேண்டாம்" என்றேன். உன்னோடு கதைக்கத் தொடங்கியிருந்தால் நான் டொக்டரோடு கதைத்திருக்க மாட்டேன். அந்த இடத்தில், அவ்வளவு பேருக்கு முன்னால், அது சரியாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கண்டது எல்லாவற்றையும் சொன்னேன். நூலைச் சொன்னேன், முள்ளைச் சொன்னேன், நீ மெலிந்திருப்பதைச் சொன்னேன். "நல்லாத்தான் செய்திருக்கிறாள். இனி நேரே வந்துதான் காலைப் பாக்கவேணும் எண்டில்லை" என்றேன். அம்மா துருவுவதை நிறுத்தினாள்.

"அப்ப, இனி என்னத்தைச் சொல்லி அவளைக் கூப்பிடப்போறீங்கள்?"

கொஞ்ச நேரம் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அவள் ஒரு பிடி தேங்காய்ப்பூவை எடுத்து, சீனி போட்டு, சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி என் கையில் வைத்தாள். இரண்டு பேரும் அதைத் தின்றோம். அதற்குப் பிறகுதான் தாள் வாங்கப் போனேன்.

மகள், நீ அந்தத் திட்டத்தில் தொடர்ந்து இரு. நாளைக்கு அரசாங்கம் கொடுப்பனவைக் குறைத்தால், மருமகனோடு இருந்து கதைத்து, உங்கள் வீட்டுக்கு எது ஏலுமோ அதைச் செய். சேவை என்ற பெயருக்காக உன் பிள்ளையின் பாலில் தண்ணீர் விடாதே. கூட்டித் தந்தால் சந்தோசமாக வாங்கு. நேரே போகவேண்டிய நோயாளி ஒருவர் என்று உன் மனதுக்குப் பட்டால் அதற்காக மூதூருக்குப் போ. எங்களைக் காண்பதற்கு ஒரு சாட்டாக மூதூருக்குப் போகாதே. ஹாஜரா உம்மாவின் காலை நான் இனி இழுக்க மாட்டேன். அந்த மனிசி அந்தக் காலால் இப்போது சந்தைக்கு நடந்து போகிறா.

எனக்கு நெஞ்சு நோகிறது என்று ஒரு வரி எழுதினால் நீ அடுத்த ரயிலில் வந்து நிற்பாய். அம்மாவின் முழங்கால் வருத்தம் கூடிப்போயிற்று என்று எழுதினாலும் வருவாய், அது பொய்யும் இல்லை. ஊரில் தாய் தகப்பன்மார் அப்படித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். எனக்கும் மனம் வந்தது. ஆனால் அப்படி வந்தால் நீ என் மணிக்கட்டைப் பிடிக்கும்போது டொக்டராகத்தான் பிடிப்பாய். நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். மருந்து நேரத்துக்குக் குடிக்கிறோம். உன்னைக் காணவேண்டும் போல் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு, கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்று அம்மாவோடு வாக்குவாதப்பட வேண்டும். பேரப்பிள்ளை "அம்மப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்த வேண்டும். மத்தியானம் எல்லோரும் பாயைப் போட்டுப் படுத்துக்கிடக்க, ஒருவரும் ஒருவரோடும் கதைக்காமல் இருக்க வேண்டும்.

உனக்காக எந்த வாங்கிலும் ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள். நான் எங்கேயும் உன்னை ஏற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. லீவு கிடைக்கிறபோது, சும்மா வா, பிள்ளை.

அப்பா